தற்காலிகச் சாய்தளம்

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் எங்கள் வார்டு இருக்கிற கட்டடத்தைக் காலி செய்துவிட்டுக் கட்டுமான வேலையைத் தொடங்கலாம் என்று ஒப்பந்ததாரர் சொன்னபோது, கூடாது என்று முதலில் பேசியது நான்தான். அதில் இன்றும் மாற்றமில்லை. முதுகுத்தண்டில் அடிபட்டு வீட்டில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட ஆள் வேண்டும். இல்லையென்றால் படுக்கைப்புண். புண் வந்துவிட்டால் பயிற்சி எல்லாமே தள்ளிப்போகும். இடத்துக்காகக் காத்திருந்தவர்களை எங்கே போகச் சொல்வது?

அதனால் வார்டு நடந்தது. சுவர் உடைக்கிற சத்தத்துக்குப் பலருக்குக் கால்கள் தாமாக வெட்டி இழுக்கும். பயிற்சி நேரத்தில் உடைப்பு வேலை கிடையாது என்று ஒப்புக்கொள்ள வைத்தோம். கழுத்தில் அடிபட்டவர்களுக்குச் சளியை இருமித் துப்பத் தெம்பு இருக்காது. அவர்களைத் தூசி வராத கடைசி அறைக்கு மாற்றினோம். இதெல்லாம் சரியாகவே நடந்தது.

சக்கர நாற்காலி ஏறி இறங்கும் சாய்தளம்தான் இன்னும் உறுத்துகிறது. பழையது அஸ்திவாரக் குழியோடு போய்விட்டது. வாசல் இரண்டரை அடி உயரம். ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்பது விதி, ஆக 30 அடி வேண்டும். குழிக்கு இந்தப் பக்கம் கிடைத்ததோ 20 அடி. "மடக்கிப் போட்டா ஆம்புலன்ஸ் திரும்பாது மேடம். எட்டு மாசம்தானே, ஆள் வச்சுத் தள்ளிக்கலாம்" என்றார் பொறியாளர். சரியென்று கையெழுத்துப் போட்டேன்.

சென்ட்ரிங் வேலைக்குப் போய் சாரத்திலிருந்து விழுந்த ஒருவர் அப்போது எங்களிடம் இருந்தார். தானே சக்கரத்தை உருட்டி டீக்கடை வரை போய்வரப் பழகியிருந்தார். புதுச் சாய்தளத்தின் கீழே வண்டியை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்போடு பார்த்தார்.

"எட்டுக்கு ஒண்ணு போட்டிருக்காங்க. நான் ஏறினா வண்டி மல்லாந்துரும்."

"தற்காலிகம்தான் அண்ணே. எட்டு மாசம்."

"நான் அடுத்த மாசம் வீட்டுக்குப் போறேனே, மேடம்."

குரலில் கோபம் இல்லை. மனைவி தள்ளி மேலே கொண்டுவந்தார். அப்புறம் அவர் டீக்கடைப் பக்கம் அதிகம் போகவில்லை.

கட்டடத்துக்குத்தான் அது தற்காலிகம். அவருக்கு மிச்சமிருந்த நாள் முழுக்க அதுதான் வாசல். யாரிடமும் கேட்காமல் வெளியே போய்வரத்தானே அவருக்குச் சொல்லிக்கொடுத்தோம்? ஆனால் அந்தச் சரிவில் ஒருவர்கூட விழவில்லை, வார்டு ஒருநாளும் மூடவில்லை. ஆம்புலன்ஸைப் பின்வாசலுக்கு மாற்றியிருக்கலாமே என்று தோன்றும். மழை பெய்தால் அங்கே சேறு, அதுவும் உண்மைதான். அவர் ஊருக்குப் போனபிறகு போனில் விசாரித்தேன். "தள்ள ஆள் இருக்கோம்ல, அவரு தனியா எங்கேயும் போறதில்லை" என்றார் மனைவி. மண் தெரு, உயரமான படி என்று அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எங்கள் சாய்தளத்தின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. போடாமல் இருக்கவும் முடியவில்லை.

இப்போது இரண்டாம் கட்டம். வந்த வரைபடத்திலும் தற்காலிகச் சாய்தளம் பத்துக்கு ஒன்றுதான். பின்வாசல் வழிக்கு ஜல்லி கொட்டி இறுக்க என்ன செலவாகும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை கையெழுத்துப் போடுவதாக இல்லை. அதற்காக வார்டை மூட வேண்டி வந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.