ஏலகிரி உயரத்தில் ஓர் ஓடுதளம்

வேலூர் வெயிலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலாற்று மணலில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவன் நான். ஆனாலும் அந்த மே மாத முற்பகலில், விமானப் பயிற்றுநரின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, அந்த வெயிலைக் கணக்கில் எடுக்காமல் விட்டேன்.

விடிந்ததும் தொடங்கியிருக்க வேண்டிய பயிற்சி. வேறு வேலைகளில் தாமதமாகி மணி 11.20 ஆகிவிட்டது. வெப்பம் 38 டிகிரி. மாணவன் குடியாத்தத்துப் பையன். அம்மா பீடி சுற்றிச் சேர்த்த பணமும் வட்டிக்கு வாங்கிய பணமும்தான் அவனுடைய பறக்கும் நேரம். திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "கிளம்பலாம் தம்பி" என்றேன்.

சூடேறிய காற்று அடர்த்தி குறைந்தது. இன்ஜின், புரொப்பெல்லர், இறக்கை மூன்றுக்கும் ஒருசேரப் பலம் குறையும். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் அன்றைய வெப்பத்தில் விமானத்துக்கு அது சுமார் 1,100 மீட்டர். ஏலகிரி மலைமேல் நின்று கிளம்புவதற்குச் சமம். எங்களுடையது 110 குதிரைத்திறன் கொண்ட செஸ்னா 152 என்னும் சிறிய பயிற்சி விமானம். தொட்டி நிறைய எரிபொருள், இரண்டு ஆட்கள்.

ஓடுதளம் தீர்ந்துகொண்டே வந்தது. பையன் பதறி, 50 நாட் (மணிக்குச் சுமார் 93 கிலோமீட்டர்) வேகம் வருமுன்பே மூக்கைத் தூக்கிவிட்டான். தரையை ஒட்டிப் பறக்கையில் காற்றின் இழுவை குறைவு என்பதால், வேகம் போதாமலே விமானம் எழும்பிவிடும், அதற்குமேல் ஏறாது. எழும்பிய வேகத்திலேயே இடப்பக்கம் திரும்பியது. புரொப்பெல்லர் சுழலும் திசையால் வருகிற இழுப்பு அது. வலது பெடலை மிதித்துத்தான் சமாளிக்க வேண்டும்.

"வலது கால், வலது கால்!" என்று கத்தினேன். என் காலடியிலும் அதே பெடல் இருந்தது. கத்திய நேரத்தில் மிதித்திருக்கலாம்.

இடது இறக்கை புல்லில் உரசியது. மூக்குச் சக்கரம் முறிந்தது. புரொப்பெல்லர் மண்ணைக் கிளறி வளைந்து நின்றது. எரிபொருள் வால்வை மூடி, மின்சாரத்தை அணைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். முழங்கையில் ரத்தம். "சார், உங்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்றான்.

மாலையில் இருவரும் தனித்தனியே நடந்ததை எழுதிக் கொடுத்தோம். அவன் தாளில் என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. தான் வலது பெடலை மிதிக்கத் தவறியதாக மட்டும் எழுதியிருந்தான். என் தாளின் முதல் வரியில் நேரத்தையும் வெப்பநிலையையும் எழுதினேன். கிளம்பலாம் என்று சொன்னவன் நான் என்பதை இரண்டாவது வரியில் எழுதினேன்.