கொப்புளம் போயிடுச்சு, ஆனா திரும்ப வராதா?

அண்ணன் புறங்கைல முதல்ல நீர்க்கொப்புளம் வந்தப்போ அலர்ஜின்னு தான் எல்லாரும் சொன்னாங்க, எட்டு மாசம் விதவிதமா க்ரீம் தடவினாரு, மேசை ஓரத்துல லேசா இடிச்சாலே தோல் உரிஞ்சு வந்துடும், கன்னத்துல புதுசா முடி வேற வளர ஆரம்பிச்சுது. கடைசியா ஒரு ஸ்கின் டாக்டர் தான் "யூரின் என்ன கலர்ல போகுது?"ன்னு கேட்டாங்க. டீ டிகாக்ஷன் மாதிரி போகுதுன்னு அப்போ தான் வெளிய சொன்னாரு. டெஸ்ட்ல வந்த பேரு பார்ஃபைரியா கியூட்டானியா டார்டா, சுருக்கமா பிசிடி.

கல்லீரல்ல யூராடின்னு ஒரு என்சைம் மந்தமாயிடுது, அதனால பார்ஃபைரின் (உடம்பு ரத்தத்தோட சிவப்புப் பொருளத் தயாரிக்கும்போது நடுவுல உண்டாகுறது) தேங்கி தோலுக்கு வந்து வெயில் பட்டதும் புண்ணாக்குது. அந்த என்சைமை மந்தமாக்குறதுல இரும்புச்சத்துக்குப் பெரிய பங்கு, கூடவே குடி, சிகரெட், ஹெபடைடிஸ் சி, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை.

வைத்தியம் ரெண்டு வழி. ஒண்ணு ரத்தம் எடுக்கிறது, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சுமார் 450 மில்லி, ஃபெரிட்டின், அதாவது உடம்புல சேர்ந்திருக்கிற இரும்பக் காட்டுற ரத்த டெஸ்ட் அளவு, 20 பக்கம் இறங்குற வரைக்கும். இன்னொண்ணு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்னு ஒரு மாத்திரை, 100 மில்லிகிராம், வாரத்துல ரெண்டே நாள். இத நல்லா கவனிங்க, தினமும் இல்ல! மூட்டுவலிக்கு குடுக்குற மாதிரி தினம் 200, 400னு போட்டா கல்லீரல்ல இருக்குற பார்ஃபைரின் மொத்தமா கிளம்பி காய்ச்சல் வந்து லிவர் டெஸ்ட் எல்லாம் எகிறிடும். கண் டெஸ்டும் பண்ணிக்கணும்.

எது நல்லதுன்னு நான் ரொம்ப நாள் படிச்சேன். 2012ல அமெரிக்கால ரெண்டையும் நேருக்கு நேரா ஒப்பிட்டாங்க, ரெண்டுலயும் கிட்டத்தட்ட 6, 7 மாசத்துல பார்ஃபைரின் நார்மலாயிடுச்சு. ஆனா மாத்திரை இரும்பை எடுக்காது, அதனால இரும்பு ரொம்ப அதிகமா இருக்கவங்களுக்கு ரத்தம் எடுக்கிறது தான் சரி, ரத்தசோகை இருந்தா மாத்திரை பக்கம் போவாங்க, டயாலிசிஸ்ல இருக்கவங்களுக்கு அந்த மாத்திரை சரியா வேலை செய்யாது. ஹெபடைடிஸ் சி இருந்தா அதுக்கான புது மாத்திரைகளே பலருக்கு பிசிடியையும் அடக்கிடுது.

அண்ணனுக்கு ஊசின்னா பயம், ஆனா ஃபெரிட்டின் 640, அதனால ஏழு தடவை ரத்தம் எடுத்தோம். கை அப்படியே தெளிஞ்சுடுச்சு. எங்க தப்பு அங்க தான், சரியாயிடுச்சுன்னு நினைச்சு டெஸ்ட்டையே விட்டுட்டோம், அவரும் மெதுவா குடிய ஆரம்பிச்சுட்டாரு, ஒண்ணேகால் வருஷத்துல அதே கொப்புளம் மறுபடியும். எந்த வைத்தியம் எடுத்தாலும் நோய் திரும்ப வரலாம், ஏன்னா ரெண்டுமே தேங்கினத தான் காலி பண்ணுது, தேங்க வைக்குற காரணம் அப்படியே இருந்தா மறுபடியும் தேங்கும்ல. கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே பார்ஃபைரின் ஏற ஆரம்பிச்சுடும், அதனால வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணியிருந்தா அப்பவே பிடிச்சிருக்கலாம்னு இன்னமும் மனசு அடிச்சுக்குது.

ரெண்டாவது தடவையும் ரத்தம் எடுத்தே சரியாச்சு, திரும்ப வந்தா பழைய வைத்தியம் கேக்காதோன்னு பயப்பட வேண்டாம். இப்போ குடி இல்ல, சிகரெட்டும் விட்டுட்டாரு, டாக்டரக் கேக்காம எந்த இரும்பு டானிக்கும் வீட்டுக்குள்ள வராது. வெயில்ல போனா முழுக்கை சட்டை, ஏன்னா கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமே இதுல காயப்படுத்துது, சாதா சன்ஸ்க்ரீன் அத தடுக்காது. ஆகஸ்ட்ல அடுத்த டெஸ்ட், காலண்டர்ல நானே வட்டம் போட்டு வச்சிருக்கேன்.