திரும்பி வந்த ஐந்து மூட்டை

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி. ஆடியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போட்டு, ஐப்பசி மழைக்கு நடுவே பிடுங்குவோம். போன வருஷம் கடலைமிட்டாய் போடும் ஒருவருக்கு ஐந்து மூட்டை பருப்பு அனுப்பினேன். அத்தனையும் திரும்பி வந்தது, கூடவே பரிசோதனைத் தாளும். கடலையில் பிடிக்கும் பூஞ்சை உண்டாக்கும் விஷமான அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 38 மைக்ரோகிராம். மேற்கொண்டு பதப்படுத்தும் கடலைக்கு நம் நாட்டு வரம்பு 15.

நான் நம்பவில்லை. அந்த மூட்டையிலிருந்தே ஒரு கை அள்ளிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறி, ஒரு ஆய்வகத்தில் கொடுத்தேன். 3 என்று வந்தது. "நம்மள ஏமாத்தறான் நைனா" என்று அப்பாவுக்குப் போனும் போட்டுவிட்டேன். ஆய்வகத்துப் பெண்தான் உட்காரவைத்து விளக்கினார். பூஞ்சை எல்லாப் பருப்பிலும் ஒரே மாதிரி இருக்காதாம். ஆயிரத்தில் ஒன்றிரண்டில்தான் இருக்கும், அந்த ஒன்றிரண்டே மொத்தத்தையும் வரம்பு தாண்ட வைத்துவிடும். ஒரு கை அள்ளினால் அது எப்படிச் சிக்கும்? ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்து, கிலோக்கணக்கில் சேர்த்து அரைத்துப் பார்க்க வேண்டும். வாங்கியவர் அப்படித்தான் செய்திருந்தார். அவரைத் திட்டியதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். "உடைக்கும்போது தண்ணீர் தெளித்தீர்களா?" என்று கேட்டார்கள். தெளிக்காமல் யார் உடைக்கிறார்கள்? காயை நனைத்து மெஷினில் விட்டால் பருப்பு பிளக்காது. எடையும் கொஞ்சம் கூடும், அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த ஈரத்தோடு எங்கள் மூட்டைகள் பத்து நாள் தரையில் கிடந்தன.

இந்த வருஷம் 45ஆம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைத்தோம். கடைசி மூன்று வாரம் மழையில்லாமல் மேட்டுப் பகுதி காய்ந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் காய்க்குள் பூஞ்சை நுழையுமாம். அந்த மேட்டுப் பகுதியைத் தனியாகப் பிடுங்கினோம். செடிகளைக் குவிக்காமல், காய் மேலே தெரியும்படி கவிழ்த்துப் போட்டோம். தூறல் வந்தால் தார்ப்பாயோடு ஓட்டம். ஆய்ந்த காயைக் களத்தில் போட்டு, ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வரும்வரை காயவைத்தோம். ஈரமானியில் பார்த்தபோது 8 சதவீதத்துக்குக் கீழே.

சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பட்டது என்று பொறுக்கியதில் 11 கிலோ. சொத்தையை எப்போதும் செக்குக்குப் போடுவது அம்மாவின் கணக்கு. விஷத்தில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கி, அதைத் தின்னும் மாட்டின் பாலிலும் வரும், வறுத்தாலும் முழுசாகப் போகாது என்று சொல்லிச் சொல்லி, குழி வெட்டிப் புதைத்தேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உலர்ந்த காயையே உடைத்தோம். இந்த முறை முறைப்படி மாதிரி எடுத்து அனுப்பினேன். 6 வந்தது. அதே கடலைமிட்டாய்க்காரர் எடுத்துக்கொண்டார், பிளந்த பருப்பு அதிகம் என்று கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக்கொண்டு. மெஷின்காரர் விடுவாரா? "நாலு குடம் தண்ணி தெளிச்சிருந்தா அந்த ரெண்டு ரூபாயும் வந்திருக்கும்ல?"