கேமராவைக் கைகளின் பக்கம் திருப்புங்கள்

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணிபுரியும் செவிலியர்களுக்குக் காணொலி அழைப்பில் பயிற்சி அளிக்கும் பொறுப்பு, கொரோனா காலத்தில் என்னிடம் வந்தது. தொற்று தணிந்த பிறகும் அதைக் கைவிட எனக்கு மனமில்லை. மாவட்டத் தலைநகரில் பயிற்சி என்றால் ஒரு நிலையத்திலிருந்து ஒருவர்தான் வர முடியும்; அவர் கற்றது மற்றவர்களுக்கு முழுதாகப் போய்ச் சேருவதில்லை.

வகுப்பு தொடங்கியதும், "முகம் தெரிய வேண்டாம் சிஸ்டர், கேமராவைக் கைகளின் பக்கம் திருப்புங்கள்" என்பேன். பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் 60 நொடிக்குள் அம்பு பையால் (முகமூடி பொருத்திக் கையால் அழுத்தும் பை) காற்று செலுத்தத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. இது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் "உங்கள் பிரசவ அறையில் இருக்கும் பையை எடுத்து வாருங்கள்" என்றால்தான் உண்மை நிலவரம் தெரியும். ஓரிடத்தில் அலமாரிச் சாவி அடுத்த ஷிப்ட் சிஸ்டரிடம் இருந்தது. இன்னோரிடத்தில் பையோடு வந்தது பெரியவர்களுக்கான முகமூடி. எல்லாம் எடுத்து வைத்திருக்கும் பயிற்சிக் கூடத்தில் இவை என் கண்ணில் பட்டிருக்கவே மாட்டா.

பயிற்சிக்கான குழந்தைப் பொம்மையின் முகத்தில் முகமூடியை வைத்து அழுத்துகிறார்கள், மார்பு எழுவதில்லை. உடனே பையை இன்னும் வேகமாகப் பிசைவார்கள். "வேகம் வேண்டாம் சிஸ்டர். தோளுக்கடியில் துணியை மடித்து வையுங்கள், கழுத்து லேசாக நிமிரட்டும். முகமூடியின் விளிம்பு மோவாயில் படிந்திருக்கிறதா பாருங்கள்." அடுத்த அழுத்தத்தில், "எழுகிறது மேடம்!" என்று குரல் வரும். அந்தக் குரலுக்காகவே இந்த வேலையை எத்தனை ஆண்டுகளும் செய்வேன்.

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கை மதிப்பிடவும் இப்படிப் பழக்கலாம். ஒருவர் சாயத் தண்ணீரை அளந்து விரிப்பில் ஊற்ற, மற்றவர்கள் அளவு சொல்ல வேண்டும். 500 மில்லியைப் பெரும்பாலோர் குறைத்தே சொல்வார்கள். ஆனால் கருப்பை சுருங்கிக் கெட்டிப்பட்டிருக்கிறதா என்பதைத் திரை கற்றுத்தராது. அது தொட்டுத் தெரிய வேண்டியது. அதற்கு அவர்களை மாவட்ட மருத்துவமனைப் பிரசவ வார்டுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். காணொலிப் பயிற்சியைக் காரணம் காட்டி அந்த வார்டு நாட்களைக் குறைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இரவுப் பணி முடித்தவர்கள் பஸ்ஸில் போய்க்கொண்டே இணைகிறார்கள். உறங்கப் போகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியைப் பணி நேரமாகவே கணக்கிட வேண்டும் என்று ஆய்வுக் கூட்டங்களில் விடாமல் கேட்டு வருகிறேன். பிற்பகலில் ஷிப்ட் மாறும்போது அரை மணி நேரம் ஒதுக்கித் தந்தால், இரண்டு ஷிப்ட் சிஸ்டர்களும் ஒரே பொம்மையில் சேர்ந்து கைபழகலாம்.