வாரிசு சான்றிதழும் நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியும்

"உங்க அப்பாவோட அம்மா இருக்காங்களா சார்?"

தாலுகா ஆபீஸ் கவுன்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். நான் ஒன்றாவது படிக்கும்போதே ஆயா போய்விட்டார் என்றேன்.

"அப்ப அவங்க டெத் சர்டிபிகேட் எங்க?"

அந்த ஒரு கேள்வி என்னை ஆறு மாதம் அலைய வைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சான்றிதழ் கிடைத்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மைக்கில் சொல்ல முடியாத பாகம்தான் அதிகம். அதை இங்கே கொட்டிவிடுகிறேன். நாளைக்கு வாரிசு சான்றிதழுக்கு அலையப் போகிறவர்களுக்காவது உதவும்.

அப்பா 2023 ஆகஸ்டில் காலமானார். வங்கியில் ஒரு டெபாசிட் இருந்தது, நாமினி போடவில்லை. (உங்கள் அப்பா அம்மா கணக்கில் நாமினி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.) இறப்புச் சான்றிதழ் சிக்கல் இல்லாமல் வந்துவிட்டது. வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். "இதெல்லாம் நீ எதுக்கும்மா அலையறே, நான் பார்த்துக்கறேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். அந்த "நான் பார்த்துக்கறேன்" எனக்குப் பல்லவி மாதிரி. ஆபீஸிலும் அதே, வீட்டிலும் அதே.

நீல நிற ஃபைல் ஒன்று வாங்கி, அப்பாவின் காகிதங்களுக்கு ஒரு கலர் சீட்டு, தங்கையினுடையதற்கு வேறு கலர் என்று ஒட்டி வைத்திருந்தேன். அம்மாவின் வழி வேறு. காலை நாலரை மணிக்கு எழுந்து, முக்காடு போட்டுக்கொண்டு, "ஆண்டவரே, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ரெண்டு காப்பி, பொண்ணோட ஆதார் ஒண்ணு" என்று மளிகைச் சாமான் சொல்வது போல வரிசையாகச் சொல்லி ஜெபம் பண்ணுவார். பக்கத்து அறையில் படுத்திருக்கும் எனக்கு எரிச்சலாக வரும். கர்த்தருக்கு ஜெராக்ஸ் கணக்கு எதற்கு?

நவம்பர் முதல் வாரம் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் ஒரே வரி: இறந்தவரின் தாயார் இறப்புச் சான்று இணைக்கப்படவில்லை. தாத்தா ரயில்வேயில் இருந்தவர், அவருடைய சான்றிதழ் பத்திரமாக இருந்தது. ஆயாவுடையதை யாரும் வாங்கி வைக்கவே இல்லை.

நான் சும்மா வந்திருக்கலாம். வரவில்லை. முந்தின நாள் ராத்திரி படித்துவிட்டுப் போயிருந்தேன் அல்லவா? "சார், கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி. பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் தாயாருக்குப் பங்கே கிடையாது" என்று கவுன்டரில் இருந்தவருக்கே பாடம் எடுத்தேன். நான் சொன்னது சட்டப்படி சரிதான். அவர் ஃபைலை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, "இதெல்லாம் கோர்ட்ல போய் சொல்லுங்க சார். அடுத்தது யாரு?" என்றார். பின்னால் நின்றிருந்த பாட்டியம்மா, "தம்பி, கொஞ்சம் நவுந்துக்கோ" என்றார். சான்றிதழ் கொடுப்பது வேறு, சொத்தைப் பங்கு பிரிப்பது வேறு என்பது அந்தக் கவுன்டரை விட்டு நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தயவுசெய்து கவுன்டரில் சட்டம் பேசாதீர்கள்.

சரி, ஆயாவின் இறப்புச் சான்றிதழை எடுத்துவிடலாம். மாநகராட்சியில் பழைய பதிவேட்டைத் தேட தேதி வேண்டும். 1991 என்று தெரியும். மாதம்? மழைக்காலம் என்று ஒரு ஞாபகம், அவ்வளவுதான். சபையின் அடக்கப் பதிவேட்டில் இருக்கும் என்று ஆபீஸுக்குப் போனேன். அந்த வருஷத்துப் புத்தகம் பைண்டிங்குக்குப் போயிருந்தது. இன்னொரு நாள் போனேன், இன்னும் வரவில்லை. அடுத்து என் மூளைக்கு ஒரு யோசனை வந்தது: கல்லறையில் தேதி பொறித்திருப்பார்களே!

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வியாசர்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து மிண்ட், அங்கிருந்து காசிமேடு. கல்லறைத் திருநாள் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. காய்ந்த சாமந்தி மாலைகளும் உருகிய மெழுகும் எல்லாக் கல்லறைகள் மேலும் கிடந்தன. ஆயாவை அடக்கம் பண்ணியபோது அப்பாவின் தோளில் இருந்தவன் நான். வேப்ப மரம், பக்கத்தில் வெள்ளைச் சிலுவை என்று மனதில் ஒரு படம் இருந்தது. அங்கே வேப்ப மரத்துக்கா பஞ்சம்? இரண்டு மணி நேரம் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து படித்துக்கொண்டே போனேன். கடைசியில் கிடைத்தது. சிலுவை போட்ட சிமெண்டுப் பலகை, உப்புக் காற்றில் அரித்துப் போயிருந்தது. "கர்த்தருக்குள் நித்திரை" வரை இருந்தது. அதற்குக் கீழே பலகையே இல்லை. உடைந்த இடத்தில் கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் மண்ணைக் கிளறிக்கூடப் பார்த்தேன். நகத்தில் மண் ஏறியதுதான் மிச்சம்.

இவ்வளவும் அம்மாவுக்குத் தெரியாது. அப்பா போன துக்கத்தில் இருக்கிறவரை ஏன் தொந்தரவு செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த முறை அந்த அலுவலகத்துக்குப் போனபோது வாசல் டீக்கடையில் ஒரு புரோக்கர் தானாகவே வந்து பேசினார். "மூவாயிரம் குடுங்க சார், ரெண்டு வாரத்துல கைல இருக்கும். ஆயா கீயா எதுவும் கேக்க மாட்டாங்க." பொய் சொல்லப் போவதில்லை, ஏடிஎம்மில் பணம் எடுத்துவிட்டேன். சட்டைப் பையில் நோட்டு இருக்கும்போதுதான் அம்மாவுக்கு போன் பண்ணி, சும்மா ஒரு தகவல் போலச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உன் இஷ்டம்பா. ஆனா அந்தக் காகிதத்துல உங்கப்பா பேரு இருக்கும்" என்றார். புரோக்கரிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீரமாக மறுத்தேன் என்றெல்லாம் இல்லை.

அப்புறம் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 3 ராத்திரி ஆரம்பித்த மழை மறுநாள் முழுக்கப் பெய்தது. எங்கள் பக்கம் எப்படி என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பினால் முதலில் நனைவது நாங்கள்தான். தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது கேஸ் சிலிண்டரையும் அரிசி டிரம்மையும் கட்டில் மேல் ஏற்றினோம். கம்ப்யூட்டர் மேசையின் கீழ்த் தட்டில் இருந்த நீல ஃபைலை மறந்தேபோனேன். கரன்ட் இல்லாத அந்த இரண்டு நாளும் அது தண்ணீருக்குள்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் கலர் சீட்டுகளின் சாயம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இளஞ்சிவப்பாக இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் போதகர் ஐயா வீடு வீடாக வந்தார். நான் துடைப்பத்தோடு நின்றிருந்தேன். ஜெபம் பண்ண வந்தவரிடம் ஆயா தேதி, சபை ஆபீஸ், கல்லறை, புரோக்கர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நானும் ஜெபம் பண்ணிட்டுதானே ஐயா இருக்கேன்" என்று வேறு சொன்னேன்.

அவர் நனையாத நாற்காலி ஒன்றைத் தேடி உட்கார்ந்தார். "நெகேமியாவைப் பாருப்பா, எருசலேம் மதிலைக் கட்டினவர். கிஸ்லேவு மாசத்துல எருசலேம் சேதி கேட்டு அழறார். நிசான் மாசத்துலதான் ராஜா வாயைத் திறந்து 'உனக்கு என்ன வேணும்'னு கேக்கறான். நாலு மாசம். அந்த இடத்துல நின்னபடியே பரலோகத்தின் தேவனை நோக்கி ஒரு ஜெபம். அதை முடிச்சிட்டு என்ன பண்றார்? ராஜாகிட்ட லெட்டர் கேக்கறார். வழியில இருக்கிற அதிபதிகளுக்கு லெட்டர், மரம் குடுக்கச் சொல்லி வனக் காவலன் ஆசாப்புக்குத் தனியா ஒரு லெட்டர். எல்லாம் பேப்பர் வேலைதான். எஸ்றா என்னடான்னா, எருசலேமுக்குப் போற வழியில பாதுகாப்புக்கு ராஜாகிட்ட சேவகரைக் கேக்கவே வெக்கப்பட்டார். ரெண்டு பேரும் கர்த்தரைத்தான் நம்பினாங்க. நீ கர்த்தர்கிட்டயும் முழுசா விடல, மனுஷங்ககிட்டயும் கேக்கல. இந்தத் தேதியை யார்கிட்டயாவது கேட்டியா?"

"ரெஜிஸ்டர்ல தேடினேன் ஐயா."

"நான் யார்கிட்டன்னு கேட்டேன்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னடா தேதி?"

சொன்னேன். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேல் இருந்த ஜிப் போட்ட பைபிளை எடுத்தார். சங்கீதத்துக்கு நடுவில் பழைய கடிதங்கள், என் பள்ளிக்கூடப் போட்டோ, ஒரு கறுப்பு ஓரம் போட்ட அட்டை. ஆயாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள் அட்டை. பிறந்த தேதி, கர்த்தருக்குள் நித்திரையடைந்த தேதி இரண்டும் அதில் இருந்தன. 1991 அக்டோபர் 27. தினமும் காலை நாலரை மணிக்குத் திறக்கிற புத்தகத்தில் அது இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. "முன்னாடியே கேக்கறதுதானேடா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அட்டை நனையாததை அற்புதம் என்று நான் சொல்ல மாட்டேன். பீரோ மேல் எதை வைத்திருந்தாலும் நனைந்திருக்காது.

டிசம்பர் முழுக்க எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லை. எல்லோரும் வெள்ள நிவாரண வேலையில் இருந்தார்கள், நாங்களும் ரேஷன் கடையில் ஆறாயிரம் ரூபாய்க்காக வரிசையில் நின்றோம். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் நீதிமொழிகள் 3:5, "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்". பக்கத்தில் இருந்த தங்கை அதை வாங்கிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜனவரியில் தேதியோடு மண்டல அலுவலகம் போனேன். அங்கே இருந்த ஊழியர் அம்மா பெரிய பதிவேட்டைப் புரட்டிப் பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். சான்றிதழும் வந்தது. மறுபடி அறுபது ரூபாய், மறுபடி விண்ணப்பம், அதே கவுன்டர்.

இந்த முறை அப்பாவின் பெயர். ரேஷன் கார்டில் யாக்கோபு, ஆதாரில் ஜேக்கப். நம் வீடுகளில் இந்தத் தொல்லை இல்லாத ஆளே கிடையாது. யோவான் ஜான் ஆவார், சவுரி சேவியர் ஆவார். "ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படி நம்பறது?" என்றார் அதே மனிதர். யாக்கோபுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று விளக்க வாய் துறுதுறுத்தது. ஒரு விநாடி கண்ணை மூடினேன். ஆண்டவரே, இந்த வாயைக் கொஞ்சம் மூடும். அவ்வளவுதான் ஜெபம், நெகேமியாவினுடையதைவிடச் சின்னது. கண்ணைத் திறந்து, "நான் என்ன கொண்டு வரணும் சார்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டேன்.

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட், தங்கையின் ஆதாரில் கணவர் பெயர் இருப்பதால் அவள் இன்னாருடைய மகள் என்பதற்கு ஓர் ஆதாரம். தங்கையின் சபைத் திருமணச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்கும், அதுவே போதும் என்று அவரே சொன்னார். கல்யாணமான சகோதரி உள்ளவர்கள் இதை முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் நான் சட்டம் பேசாமல் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், அந்தத் துண்டுக் காகிதம் அன்றைக்கே கிடைத்திருக்குமோ என்னவோ.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. விசாரணைக்கு வந்தவர் நாங்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்துவிட்டுப் போனார். மார்ச் 16 தேர்தல் தேதி அறிவித்தார்கள், அலுவலகம் மறுபடி காலி. முன்பெல்லாம் இந்த மாதிரி நாட்களில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனில் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அம்மாவோடு நாலரைக்கு எழுந்தேன், தினமும் இல்லை, முடிந்த நாட்களில். சில நாள் ஜெபத்தின் நடுவிலேயே தூங்கிவிட்டேன். "ஆண்டவரே, ஆர்.ஐ. சார் கையெழுத்து" என்று (வருவாய் ஆய்வாளரைத்தான்) அம்மா சொல்லும்போது நானும் ஆமென் சொன்னேன். ராத்திரித் தூக்கம் மட்டும் திரும்பி வந்துவிட்டது.

வாக்குப்பதிவு முடிந்து ஒரு வாரத்தில் எஸ்எம்எஸ் வந்தது. ஜீவா ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் கலர் பிரின்ட் எடுத்தேன். அதில் அம்மாவின் வயது இரண்டு வருஷம் கூட. "விடுடா, இதுக்கு வேற அலையாதே" என்று அம்மா சிரித்தார்.

மறுநாள் வங்கிக்குப் போனோம். இன்டெம்னிட்டி பத்திரம் (பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டால் நாங்களே பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பது) வேண்டுமாம், அதில் ஜாமீன் கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டுமாம். வீட்டுக்கு வந்ததும் நான் பார்த்துக்கறேன் என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்தி, "யாரைம்மா கேக்கலாம்?" என்றேன்.

அம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.