குரங்கம்மையும் எச்.ஐ.வி.யும்: அந்த 41 சதவீதம்

2022 குரங்கம்மைப் பரவலைப் பற்றிப் பேசினால் ஒரு எண் தவறாமல் வந்துவிடும். 16 நாடுகளில் 528 நோயாளிகளை வைத்து அந்த ஜூலையில் வெளியான ஆய்வில், 41 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. உடனே, எச்.ஐ.வி. இருந்தால் குரங்கம்மை சுலபமாக ஒட்டிக்கொள்ளும் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். அவ்வளவு நேராகச் சொல்லிவிட முடியாது. அந்தப் பரவல் பெரும்பாலும் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களின் வட்டங்களுக்குள் நடந்தது, எச்.ஐ.வி.யும் அங்கே கூடுதல். போதாததற்கு, எச்.ஐ.வி. மாத்திரைக்காக ஏற்கெனவே கிளினிக் போய்வருபவருக்குப் புண் வந்தால் பரிசோதனை சீக்கிரம் நடந்துவிடும். எண் ஏறத்தானே செய்யும்?

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு கணக்கு. 2023 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எச்.ஐ.வி. முற்றி, சிடி4 (ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை 350க்குக் கீழே போன நிலையில் குரங்கம்மை வந்த 382 பேர். 27 பேர் இறந்தார்கள். அத்தனை பேருக்கும் சிடி4 200க்குக் கீழ். அழுகிப் பரவும் பெரிய புண்கள், நுரையீரலில் முடிச்சுகள்... அம்மை என்றே சொல்ல முடியாத கோலம். மருந்தால் எச்.ஐ.வி.யை அடக்கி வைத்திருந்தவர்களுக்கோ, மற்றவர்களுக்கு வந்தது போலத்தான் பெரும்பாலும் வந்து போனது. குரங்கம்மை உறுதியானால் கையோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யச் சொல்வது இதனால்தான்.

நைஜீரிய மருத்துவர்கள் 2017 பரவலிலேயே இதைப் பார்த்துவிட்டார்கள். இறந்த 7 பேரில் 4 பேருக்கு எச்.ஐ.வி. அப்போது உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம், காங்கோ கதையே வேறு. அங்கே பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பங்கு குழந்தைகள். அந்த 41-ஐ அங்கே கொண்டுபோய்ப் பொருத்தாதீர்கள்.