எத்தனை குதிரை?

ஊரிலிருந்து அம்மா வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவில் அவருக்கு நாங்கள் காட்டியதெல்லாம் காஸ்ட்கோ, கோவில், எதிர்வீட்டு நாய், அவ்வளவுதான். "ஏன்டா தம்பி, இந்த ஊர்ல மனுசங்க வெளிய நடமாடவே மாட்டாங்களா" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். ரோஷம் வந்து அன்று ராத்திரியே உட்கார்ந்து, ஏப்ரலில் ஒரு வார இறுதிக்கு லேக் மினரல் வெல்ஸ் ஸ்டேட் பார்க்கில் கூடாரம் போட இடம் பிடித்தேன். ஃபோர்ட் வொர்த்தைத் தாண்டி மேற்கே, வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஏரி, மீன், ஏறி விளையாடப் பாறை, அப்புறம் குதிரைப் பாதைகள்.

அந்தக் குதிரையில்தான் விழுந்தேன். ஏரியோரத்து இடங்களை விவரமானவர்கள் மாதக்கணக்கில் முன்பே எடுத்து வைத்திருந்தார்கள். ஒரே ஒரு பகுதியில் மட்டும் காலி இருந்தது, அதன் பேரோடு குதிரையும் இருந்தது. ஆஹா என்று பிள்ளைகளிடம் குதிரை சவாரி என்று வாக்குக் கொடுத்துப் பணத்தையும் கட்டிவிட்டேன். கீழே நாலு வரி ஏதோ எழுதியிருந்தது. நான் நாலு வரி படிக்கிற ஆளாக இருந்தால் இந்தப் பதிவை எழுத வேண்டியே வந்திருக்காது.

பார்க் வாசலில் ஒரு பெண் ஊழியர். பெயரைப் பார்த்துவிட்டு, "எத்தனை குதிரை?" என்றார். ஓட்டல் சர்வரிடம் சொல்வது போல, "ரெண்டு போதும், பிள்ளைகளுக்கு மட்டும்" என்றேன்.

"காகின்ஸ் பேப்பர் இருக்கா?"

விசாவில் இருப்பவனிடம் யார் பேப்பர் கேட்டாலும் வயிறு கலங்கும். லைசென்ஸை நீட்டினேன். அது இல்லை என்று தலையாட்டினார். பாஸ்போர்ட் நகலை எடுத்தேன். அவர் மெதுவாக எழுந்து, ஜன்னல் வழியாக எங்கள் மினிவேனைப் பார்த்தார், அதன் பின்னால் இருக்கவேண்டிய குதிரை டிரெய்லரைத் தேடினார். மினிவேனில் அம்மாவும் ஒரு தூக்குவாளியும்தான் இருந்தார்கள்.

விஷயம் இதுதான். அங்கே குதிரை வாடகைக்குக் கிடையாது, நம் குதிரையை நாம் கொண்டுபோக வேண்டும். நான் பிடித்தது குதிரையோடு வருகிறவர்கள் தங்கும் இடம். காகின்ஸ் என்பது குதிரைக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனை. குதிரைகளுக்குள் ஈ கடித்துப் பரவும் ஒருவகை ரத்தசோகை இருக்கிறதாம், அது இல்லை என்று சான்றிதழ் காட்டினால்தான் டெக்சாஸ் ஸ்டேட் பார்க்கில் குதிரை காலெடுத்து வைக்கலாம். குதிரையே இல்லாதவனுக்கு அது தேவையில்லை என்று அவர் சிரிக்காமல் சொன்னார், அதுதான் பெரிய மனது. ஏரிப் பக்கம் யாரோ அன்று காலை ரத்து செய்த இடம் ஒன்று இருந்தது, அதற்கு மாற்றிக் கொடுத்தார். வண்டிக்குத் திரும்பியதும் மகள் கேட்டாள், "அப்பா, குதிரை எங்க?" மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஆறு பேருக்கான கூடாரம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. ஐந்து பேர் படுத்ததற்கே, ஒருவர் திரும்பினால் மற்ற நாலு பேரும் திரும்ப வேண்டியிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கே சத்தம் போடக்கூடாது. ரக்கூன்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை போல. சாப்பாட்டுப் பையை வெளியே மேசையில் மறந்துவிட்டேன். முறுக்கு டப்பாவைப் பூட்டுத் திறக்கிற திருடன் மாதிரி நிதானமாகத் திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு கடக் முடக். பிறகு ஒரு தும்மல், இன்னொரு தும்மல். "இட்லிப் பொடிக்கு வந்துருச்சு" என்றார் அம்மா இருட்டில். காலையில் முறுக்கு ஒன்றுகூட இல்லை, பொடி அப்படியே இருந்தது.

ஸ்டேட் பார்க் கரையில் நின்று மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டாம் என்பதால் பையன் இரண்டு மணி நேரம் தூண்டிலோடு நின்றான். விரல் நீளத்துக்கு ஒன்று மாட்டியது. "இது குழம்புக்குக் காணாது, பாவம் விட்டுரு" என்று அப்பத்தா தீர்ப்பு சொல்ல, விட்டான்.

குதிரையைப் பார்க்கவாவது பார்க்கலாமே என்று அந்தப் பாதையில் நடந்தோம். குதிரை, சைக்கிள், நடக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பாதை, ஆனால் குதிரை வந்தால் மற்றவர்கள் ஒதுங்க வேண்டும். அறுபது வயதிருக்கும் ஒரு அம்மையார் தொப்பியோடு செம்பழுப்புக் குதிரையில் வந்தார். நாங்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றோம். சரியாக அந்த நேரம் பார்த்து அம்மா, ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டன் குடையை "டப்" என்று விரித்தார். குதிரை நாலடி பின்னால் போயிற்று, காது இரண்டும் விறைத்து மூக்கு புடைத்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. மேலே இருந்தவர் அசரவில்லை. "பேசிக்கொண்டே குடையை மடக்கச் சொல்லுங்கள், அது மனுஷர்தான் என்று இவனுக்குப் புரியட்டும்" என்றார்.

அம்மா குடையை மடக்கினார், கைகூப்பினார். "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல. வெயிலுக்குத்தான் பிடிச்சேன்." புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், குளமங்கலத்து அய்யனார் கோவில் குதிரைக்கு மாசி மகத்தில் காகிதப்பூ மாலை போட்டு வளர்ந்தவர், குதிரையிடம் வேறெப்படிப் பேசுவார்? அது தலையைத் தாழ்த்தி ஒரு பெருமூச்சு விட்டது. அந்தம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய் எங்களைக் குதிரைக்காரர்கள் பகுதிக்கு, அதாவது நான் முதலில் பிடித்த அதே இடத்துக்கு, அழைத்துப் போனார். பிள்ளைகள் உள்ளங்கையை விரித்து வைத்து கேரட் கொடுத்தார்கள், பிரஷ் போட்டுவிட்டார்கள். நான் ஒருவழியாக மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அம்மா அந்தத் தள்ளுவண்டியைப் பார்த்தார். குதிரை போட்டதைக் கூட்டி அள்ளுவது குதிரைக்காரர் பொறுப்பு, வண்டி நிறைய இருந்தது. "தம்பி, இந்த லத்திய என்ன பண்ணுவாங்க?" எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் எங்கள் கறிவேப்பிலைச் செடி நாலு வருஷமாக ஒரு முழத்துக்கு மேல் வளராமல், குளிர்காலமெல்லாம் ஹாலில் சோபா பக்கத்தில் நோயாளி மாதிரி நிற்கிறது.

முன்பின் தெரியாத ஒருவரிடம் ஆங்கிலத்தில் நாகரிகமாகச் சாணம் கேட்பது எப்படி என்று எந்த இன்டர்வியூவுக்கும் நான் தயார் செய்ததில்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்து, தீவனச் சாக்கு இரண்டில் நிரப்பியே கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது மினரல் வெல்ஸ் ஊருக்குள் ஒரு சுற்று. 1880களில் புத்தி பேதலித்த ஒரு பெண் அங்கே ஒரு கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத் தெளிந்தாள் என்று கதை உண்டு, அந்த ஊர்த் தண்ணீரை இன்றும் 'கிரேஸி வாட்டர்' என்று நம்பர் போட்டு விற்கிறார்கள். நம்பர் ஏற ஏறத் தாது உப்பு அதிகம். மனைவி எனக்கென்று 4ஆம் நம்பர் பாட்டில் ஒன்று வாங்கினாள். அந்தப் பயணத்தில் அவள் எனக்காக வாங்கிய ஒரே பொருள் அதுதான். பிறகு நெடுஞ்சாலையில் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, மூக்கில் துண்டோடு வீடு வந்து சேர்ந்தோம். அம்மா மட்டும் மூக்கைப் பொத்தவில்லை.

லத்தி சூடு, உடனே போட்டால் வேர் வெந்துவிடும், மக்கட்டும் என்று பின்பக்கம் மூடி வைத்துவிட்டு ஜூனில் ஊருக்குப் போய்விட்டார். வீடியோ காலில் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்னால் "அந்தப் பக்கம் திருப்புடா" என்று தொட்டியைத்தான் பார்க்கிறார். செடி இப்போது என் இடுப்புக்கு வந்துவிட்டது. மகள் அதற்குக் குதிரை என்று பெயர் வைத்திருக்கிறாள். போன வாரம் பள்ளியில் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் குதிரை குளிர்காலத்தில் சோபா பக்கத்தில்தான் தூங்குமாமே, நிஜமா என்றார்.

எத்தனை குதிரை என்று மட்டும் கேட்கவில்லை.